தேய்வதற்கென்றே பிறந்தவை: பழைய ஜீப்பைப் பேணும் அறிவியல்

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்குச் செல்லும் மலைப்பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அடிவாரத்திற்கும் மெட்டுக்கும் இடையே உயர வேறுபாடு ஏறத்தாழ 1,000 மீட்டர். ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆட்களையும் மூட்டைகளையும் ஏற்றிச் செல்லும் ஜீப்புகள் இப்பாதையில் பல பத்தாண்டுகளாக ஓடி வருகின்றன.

1983-ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் ஒரு நாள் மாலை, அத்தகைய ஜீப் ஒன்றில் நான் மெட்டிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தேன். அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு மாணவன். வண்டி என் தாய்மாமாவுடையது. ஓட்டியவரும் அவரே. எங்களோடு தோட்ட வேலையாட்கள் ஆறு பேர் இருந்தனர். பாதி மலை இறங்கியிருப்போம். ஒரு வளைவை நெருங்கும்போது மாமா பிரேக்கை மிதித்தார். பெடல் எவ்வித எதிர்ப்பும் காட்டாமல் அடித்தட்டு வரை இறங்கிவிட்டது.

மாமா பதறவில்லை. பெடலை விட்டு விட்டு விரைவாகப் பலமுறை மிதித்தார். கைப்பிரேக்கை இழுத்தார். வண்டியின் முன்பகுதியை மலைப்பக்கத்து மண்மேட்டில் உரசவிட்டு நிறுத்தினார். சாலையின் மறுபக்கம் பள்ளத்தாக்கு. நல்லவேளையாக யாருக்கும் காயமில்லை.

வியப்பு அதற்குப் பின்னர்தான் வந்தது. அரை மணி நேரம் கழித்து மாமா மீண்டும் பிரேக்கை மிதித்துப் பார்த்தார். பெடல் கெட்டியாக நின்றது! பிரேக் எண்ணெய் எங்கும் ஒழுகவில்லை. எந்தக் குழாயும் உடையவில்லை. முந்திய வாரம்தான் ஒரு பட்டறையில் நான்கு சக்கரங்களுக்கும் புதிய பிரேக் லைனிங் போட்டிருந்தார்கள். பிறகு ஏன் பிரேக் தானாகவே கெட்டது? ஏன் தானாகவே சரியானது?

இக்கேள்விக்கு விடை காண, ஜீப்பின் அமைப்பைச் சற்று அறிந்துகொள்வோம். பழைய வண்டியைப் பேணும் கலையும் அதனூடே விளங்கும்.

நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டி

இரண்டாம் உலகப் போரின்போது, 1941 முதல், அமெரிக்கப் படைக்காக வில்லிஸ், ஃபோர்டு ஆகிய நிறுவனங்கள் ஜீப்புகளைப் பெருமளவில் தயாரித்தன. போர் முடிந்தபின் பொதுமக்களுக்கான ஜீப்புகள் வந்தன. அவற்றுள் ஒன்று 1953-இல் வெளிவந்த சிஜே-3பி என்னும் வகை. இதனை மகிந்திரா நிறுவனம் உரிமம் பெற்று இந்தியாவிலேயே தயாரித்தது. நான்கு சிலிண்டர், 2.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், ஏணி போன்ற இரும்புச் சட்டம், பட்டை வில்கள், நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்குகள் ஆகியன இதன் உறுப்புகள். என் மாமாவின் வண்டியும் இவ்வகையைச் சேர்ந்ததே.

அக்காலத்துக் கார்கள் பெரும்பாலானவற்றில் எஞ்சினின் ஆற்றல் பின்சக்கரங்கள் இரண்டுக்கு மட்டுமே சென்றது. அவை சேற்றில் வழுக்கிவிட்டால் வண்டி நகராது. ஜீப்பில் கியர் பெட்டியை அடுத்து மற்றொரு பெட்டி உண்டு. இதனைப் பகிர்வுப் பெட்டி எனலாம். இது எஞ்சினின் சுழற்சியைப் பின் அச்சுக்கு ஒரு தண்டின் வழியாகவும், முன் அச்சுக்கு இன்னொரு தண்டின் வழியாகவும் அனுப்புகிறது. முன் அச்சை வேண்டும்போது இணைக்கலாம், வேண்டாதபோது விலக்கலாம்.

இப்பெட்டியில் ‘தாழ்நிலை’ என்ற மற்றொரு வசதியும் உண்டு. சிஜே-3பி வண்டியின் கியர் பெட்டி, முதல் கியரில் சுழற்சியை 2.798 மடங்கு குறைக்கிறது. பகிர்வுப் பெட்டியின் தாழ்நிலை 2.46 மடங்கு குறைக்கிறது. அச்சிலுள்ள பல்சக்கரங்கள் 5.38 மடங்கு குறைக்கின்றன. மூன்றையும் பெருக்கிப் பாருங்கள். ஏறத்தாழ 37 வரும். எஞ்சின் 37 சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரே ஒரு சுற்றுச் சுற்றும்! வேகம் 37-இல் ஒரு பங்காகிறது. உராய்வு இழப்பு நீங்கலாக, முறுக்கு விசை 37 மடங்காகிறது. எஞ்சின் நிமிடத்திற்கு 1,000 சுற்றுச் சுற்றும்போது வண்டி மணிக்கு ஏறத்தாழ 3.6 கிலோமீட்டர் வேகத்தில், நாம் நடக்கும் வேகத்தில், ஊர்ந்து செல்லும். ஏறுவதற்கு மட்டுமன்றி இறங்குவதற்கும் இது மிகவும் பயன்படும். இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பித்தகோரசும் ஜீப்பும்

நான்கு சக்கர இயக்கம் நல்லதென்றால் அதனை எப்போதும் இணைத்தே வைக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். பழைய ஜீப்புகள் பல கெடுவதற்குக் காரணம் இந்த எண்ணமே.

வண்டி வளைவில் திரும்பும்போது பின் அச்சின் நடுப்புள்ளி 5 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் செல்வதாகக் கொள்வோம். முன், பின் அச்சுகளுக்கு இடையே உள்ள தூரம் 2.03 மீட்டர். எனவே முன் அச்சின் நடுப்புள்ளி செல்லும் வட்டத்தின் ஆரம், 5, 2.03 ஆகிய பக்கங்களைக் கொண்ட செங்கோண முக்கோணத்தின் கர்ணம் ஆகும். பித்தகோரசு தேற்றத்தின்படி அது ஏறத்தாழ 5.4 மீட்டர். ஒரு முழு வட்டத்தில் பின் அச்சு 31.4 மீட்டரும், முன் அச்சு 33.9 மீட்டரும் செல்கின்றன. வேறுபாடு 2.5 மீட்டர்!

ஓர் அச்சின் இடது, வலது சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுழல, அச்சின் நடுவே வேறுபாட்டுப் பல்லிணை இருக்கிறது. மெக்கானிக்குகள் இதனை ‘டிஃபரென்ஷியல்’ என்பர். ஆனால் இந்த ஜீப்பின் முன், பின் அச்சுகளுக்கு இடையே அத்தகைய ஏற்பாடு இல்லை. நான்கு சக்கர இயக்கத்தை இணைத்தவுடன் இரண்டு தண்டுகளும் ஒரே வேகத்தில் சுழன்றாக வேண்டும். சேற்றிலும் மணலிலும் டயர்கள் சற்றே வழுக்கி வேறுபாட்டைச் சரிக்கட்டும். உலர்ந்த தார்ச்சாலையில் அவ்வாறு வழுக்க இயலாது. எனவே தண்டுகள் ஈரத்துணியைப் பிழிவதுபோல் முறுக்கப்படும். இறுதியில் எது மெலிந்ததோ அது உடையும்.

டயர்களுக்கும் இது பொருந்தும். முன்னால் புதிய டயர்களும் பின்னால் தேய்ந்த டயர்களும் இருந்தால் அவற்றின் சுற்றளவுகள் வேறுபடும். 72 சென்டிமீட்டர் விட்டமுள்ள டயரில் 8 மில்லிமீட்டர் தடிப்பு தேய்ந்தால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ 20 மீட்டர் வேறுபாடு உண்டாகும். ஆகவே நான்கு சக்கர இயக்க வண்டியில் நான்கு டயர்களும் ஒரே அளவினவாகவும், ஏறத்தாழ ஒரே தேய்மானம் உடையனவாகவும் இருத்தல் வேண்டும். காற்றழுத்தத்தையும் உரிய அளவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மெல்லியது தேய்கிறது, வலியது வாழ்கிறது

இரு பொருள்கள் ஒன்றன்மேல் ஒன்று உரசினால் தேய்மானம் தவிர்க்க முடியாதது. உங்கள் வகுப்பறையில் சாக்கட்டியும் கரும்பலகையும் உரசுகின்றன. தேய்வது எது? ஒரு பாடவேளையில் சாக்கட்டி பாதியாகிவிடுகிறது. கரும்பலகையோ பல ஆண்டுகள் இருக்கிறது. இரண்டும் சம வலிமையுடன் இருந்தால் இரண்டுமே கெட்டுப்போயிருக்கும்.

எந்திரங்களை அமைக்கும் பொறியாளர்களும் இதே தந்திரத்தைத்தான் கையாளுகிறார்கள். எங்கே உராய்வு தவிர்க்க முடியாததோ அங்கே ஒரு மெல்லிய, மலிவான உறுப்பை வேண்டுமென்றே வைக்கிறார்கள். அது தேய்ந்து, விலை உயர்ந்த உறுப்பைக் காக்கிறது.

எஞ்சினின் முதன்மைத் தண்டு கடினமான எஃகினால் ஆனது. அதனைத் தாங்கும் பேரிங்குகளின் உட்புறத்தில் மென்மையான உலோகக் கலவை பூசப்பட்டிருக்கும். 1839-இல் ஐசக் பாபிட் என்னும் அமெரிக்கர் கண்டறிந்த வெள்ளீயக் கலவை இவ்வகையில் புகழ்பெற்றது. எண்ணெயோடு கலந்து வரும் நுண்ணிய மணல் துகள் இந்த மென்மையான கலவைக்குள் புதைந்துவிடுகிறது. தண்டைக் கீறுவதில்லை. பிரேக் லைனிங் தேய்ந்து, இரும்பு டிரம்மைக் காக்கிறது. ரப்பராலான எண்ணெய்த் தடைகளும் மின்விசிறிப் பட்டையும் இவ்வகையினவே.

பழைய வண்டியைப் பேணுவதன் அடிப்படை இதில் அடங்கியுள்ளது. தேய்வதற்கென்றே பிறந்த உறுப்பைத் தேயவிட வேண்டும். ஆனால் அது தேய்ந்து தீருமுன் மாற்றிவிட வேண்டும். ஒரு நாள் காலந்தாழ்த்தினால், அது இதுவரை காத்துவந்த விலை உயர்ந்த உறுப்பைத் தேய்மானம் தாக்கத் தொடங்கும். லைனிங்கைப் பொருத்தியுள்ள தறையாணிகளின் தலை டிரம்மைத் தொட்டுவிட்டால், டிரம்மில் பள்ளம் விழுந்துவிடும். அதன்பின் புது லைனிங் மட்டும் போட்டுப் பயனில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. எல்லா முதுமையும் கண்ணுக்குத் தெரிவதில்லை. தேய்ந்த லைனிங்கைப் பார்த்தால் தெரியும். ஆனால் பார்வைக்கு அப்படியே இருந்துகொண்டு உள்ளுக்குள் கெட்டுப்போகும் பொருளும் வண்டியில் உண்டு. மாமாவின் ஜீப்பைக் கைவிட்டது அதுதான்.

பிரேக் ஏன் கைவிட்டது?

நாம் பிரேக்கை மிதிக்கும்போது ஒரு சிறு உந்துதண்டு, அதாவது பிஸ்டன், பிரேக் எண்ணெயை அழுத்துகிறது. மூடிய கலத்திலுள்ள திரவத்தின்மேல் தரப்படும் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்பது பாஸ்கல் விதி. எனவே அந்த அழுத்தம் குழாய்களின் வழியே நான்கு சக்கரங்களுக்கும் செல்கிறது. அங்குள்ள பிஸ்டன்கள் பிரேக் கட்டைகளை விரித்து டிரம்மோடு அழுத்துகின்றன. திரவம் எளிதில் சுருங்காது என்பதால்தான் இவ்வளவும் நடைபெறுகிறது.

அழுத்தினால் உராய்வு, உராய்ந்தால் வெப்பம். எவ்வளவு வெப்பம்? கணக்கிட்டுப் பார்ப்போம். ஆட்களோடு சேர்ந்து ஜீப்பின் எடை 1,500 கிலோகிராம் என்று கொள்வோம். அது 1,000 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும்போது இழக்கும் நிலையாற்றல்:

1,500 × 9.8 × 1,000 = 1,47,00,000 ஜூல்

ஒரு லிட்டர் நீரை 25 டிகிரி செல்சியசிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 3,15,000 ஜூல் வேண்டும். ஆகவே மலையிறங்கும்போது வெளிப்படும் ஆற்றலைக் கொண்டு 46 லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். வண்டியின் வேகம் கூடாமல் இருக்க வேண்டுமானால் இந்த ஆற்றல் முழுவதும் எங்கேனும் வெப்பமாக மாறியாக வேண்டும். ஓரளவு காற்றின் எதிர்ப்பிலும் டயர்களின் நெளிவிலும் செலவாகும். எஞ்சினும் தன் பங்கை ஏற்கும். எஞ்சிய அனைத்தும் நான்கு டிரம்களின் தலையில்தான் விழும்.

பொதுவாகப் பயன்படும் பிரேக் எண்ணெய் கிளைக்கால் சார்ந்த கரிமச் சேர்மங்களால் ஆனது. இதற்கு ஒரு குணம் உண்டு. மழைக்காலத்தில் உப்பு நீர்த்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோல் இதுவும் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்துக்கொள்ளும். மூடிய கலமாயினும், ரப்பர்க் குழாய்களின் வழியாகவும் மூடியின் வழியாகவும் ஈரம் சிறிது சிறிதாக உட்புகும். ‘டாட் 3’ எனப்படும் தரத்துப் புதிய எண்ணெய் 205 டிகிரி செல்சியசுக்குக் கீழே கொதிக்கக் கூடாது என்பது விதி. அதில் 3.7 விழுக்காடு நீர் கலந்துவிட்டால், தேவைப்படும் குறைந்த அளவுக் கொதிநிலை 140 டிகிரிதான். ‘டாட் 4’ தரத்துக்கு இந்த எண்கள் முறையே 230, 155 ஆகும்.

இப்போது மாமாவின் ஜீப்புக்கு வருவோம். லைனிங் புதிது. ஆனால் பிரேக் எண்ணெய் பல ஆண்டுகள் பழையது. லைனிங்கை மாற்றிய பட்டறைக்காரர் எண்ணெயை மாற்றவில்லை. மாற்றச் சொல்ல மாமாவுக்கும் தோன்றவில்லை. போதாதற்கு அன்று மாமா பெட்ரோல் மிச்சமாகட்டும் என்று மேல் கியரிலேயே இறங்கினார். எஞ்சின் ஏற்க வேண்டிய சுமையையும் பிரேக்குகளே ஏற்றன. டிரம்கள் கொதித்தன. வெப்பம் கட்டைகளின் வழியே எண்ணெய்க்குச் சென்றது. எண்ணெயிலிருந்த நீர் ஆவியாயிற்று. திரவம் சுருங்காது, ஆனால் ஆவி சுருங்கும் அல்லவா? மாமாவின் காலழுத்தம் முழுவதும் அந்த ஆவிக்குமிழ்களைச் சுருக்குவதிலேயே செலவாயிற்று. கட்டைகள் அசையவில்லை. பெடல் கீழே போயிற்று. விரைந்து பலமுறை மிதித்தபோது மேலும் மேலும் எண்ணெய் உள்ளே தள்ளப்பட்டு, ஓரளவு அழுத்தம் கிடைத்தது.

அரை மணி நேரத்தில் டிரம்கள் ஆறின. ஆவி மீண்டும் திரவமாயிற்று. பெடல் கெட்டியாயிற்று. புதிர் விடுபட்டது!

இதிலிருந்து இரு விதிகளைக் கற்கிறோம். முதலாவது, பிரேக் எண்ணெயை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையேனும் முழுவதுமாக மாற்ற வேண்டும். திறந்து வைத்த பழைய டப்பாவிலிருந்து ஊற்றக் கூடாது. எஞ்சின் எண்ணெயைப் பிரேக்கில் ஊற்றவே கூடாது; அது பிரேக்கின் ரப்பர் உறுப்புகளை உப்பச் செய்து கெடுத்துவிடும். இரண்டாவது, மலையிறங்கும்போது கீழ் கியரில் இறங்க வேண்டும். செங்குத்தான கரட்டுப் பாதையாயின் பகிர்வுப் பெட்டியின் தாழ்நிலையையும் பயன்படுத்தலாம். அப்போது எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும்; பிரேக் ஆறியிருக்கும்.

செய்து பாருங்கள்

தேவையானவை: ஊசி இல்லாத இரண்டு பிளாஸ்டிக் சிரிஞ்சுகள் (ஒன்று சிறியது, மற்றது பெரியது), அவற்றின் முனைகளில் இறுக்கமாகப் பொருந்தும் ஒரு மெல்லிய குழாய், நீர். சிரிஞ்சுகள் மருந்துக்கடையில் வாங்கிய புதியனவாக இருக்கட்டும்.

சிரிஞ்சுகளிலும் குழாயிலும் காற்றுக்குமிழ் சிறிதும் இல்லாமல் நீரை நிரப்பி இணையுங்கள். சிறிய சிரிஞ்சை அழுத்துங்கள். பெரியது உடனே நகரும். பெரியதை நண்பர் ஒருவர் விரலால் தடுத்துப் பிடிக்கட்டும். சிறிய சிரிஞ்சில் நீங்கள் தரும் விசையைவிடத் தம் விரலில் உணரும் விசை மிகுதி என்பார் அவர். பெரியதன் குறுக்குப் பரப்பு 2 மடங்காயின் விசையும் 2 மடங்காகும்.

இனி, குழாயினுள் சிறிது காற்றை விட்டு மீண்டும் அழுத்துங்கள். இப்போது சிறிய சிரிஞ்சு பஞ்சுபோல் அமுங்கும். பெரியதோ அசையத் தயங்கும். அன்று மாமாவின் காலுக்குக் கிடைத்த உணர்வு இதுவே.

செய்தித்தாள் சொல்லும் சேதி

பழைய வண்டியைப் பேண விலையுயர்ந்த கருவிகள் வேண்டியதில்லை. இரவில் வண்டியை நிறுத்தும்போது அதன் அடியில் பழைய செய்தித்தாள்களை விரித்து வையுங்கள். காலையில் எடுத்துப் பாருங்கள். முன்பகுதியில் கறுப்புச் சொட்டு இருந்தால் அது எஞ்சின் எண்ணெய். நடுவிலோ அச்சின் அடியிலோ தடித்த, கந்தக நெடியுள்ள சொட்டு இருந்தால் அது கியர் எண்ணெய். சக்கரத்தின் உட்புறம் நீர்போல் மெல்லிய, எண்ணெய்ப்பசையுள்ள கசிவு இருந்தால் அது பிரேக் எண்ணெயாக இருக்கலாம். இதைக் கண்டால் வண்டியை எடுக்கவே கூடாது.

அடுத்து எஞ்சின் எண்ணெயின் அளவுகோலை உருவித் துடைத்து, மீண்டும் செருகி எடுத்துப் பாருங்கள். அளவை மட்டுமன்று, நிறத்தையும் பாருங்கள். எண்ணெய் கறுப்பாக இருப்பதில் வியப்பில்லை. எரிந்த புகைக்கரியை அது தாங்கிக்கொண்டிருக்கிறது. மோர்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்துள்ளது என்று பொருள்.

அச்சுகளில் நீர் கலப்பதற்கு ஒரு சுவையான காரணம் உண்டு. வெகுதூரம் ஓடிச் சூடான வண்டியை ஓடையில் இறக்குகிறோம். அச்சின் உறை சட்டென்று குளிர்கிறது. உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தம் குறைகிறது. வெளிக்காற்று நுழைவதற்கென்று வைத்த சிறு துளை சேற்றால் அடைபட்டிருந்தால், எண்ணெய்த் தடைகளின் இடுக்கு வழியே ஓடை நீர் உள்ளே உறிஞ்சப்படுகிறது. ஆகவே ஆழமான நீரைக் கடந்த வண்டியின் அச்சு எண்ணெயைச் சோதித்தல் வேண்டும். எண்ணெயை வடிக்கும்போது அதில் ஒரு காந்தத்தை நுழைத்துப் பாருங்கள். நுண்ணிய தூள் சிறிது ஒட்டுவது இயல்பு. செதில் செதிலாக இரும்பு ஒட்டினால் பல்சக்கரங்கள் அழிந்துவருகின்றன என்க.

வடித்த எண்ணெயை மண்ணிலோ சாக்கடையிலோ ஊற்றாதீர்கள். டப்பாவில் சேர்த்துப் பழைய எண்ணெய் எடுப்பவரிடம் கொடுங்கள்.

ஆட்டிப் பார், அசைத்துப் பார்

பகிர்வுப் பெட்டியிலிருந்து அச்சுக்குச் செல்லும் தண்டின் இரு முனைகளிலும் சிலுவை வடிவிலான மூட்டுகள் உண்டு. பட்டறைகளில் இவற்றைக் ‘கிராஸ்’ என்பர். பட்டை வில்களின் மேல் அச்சு ஏறி இறங்கும்போது தண்டு மடங்கிக் கொடுக்க இவை உதவுகின்றன. எஞ்சின் நின்றிருக்கும்போது தண்டைக் கையால் பிடித்து இடவலமாகத் திருகிப் பாருங்கள். மூட்டிலேயே ‘டக்’ என்று ஆட்டம் தெரிந்தால் அதன் ஊசிப் பேரிங்குகள் தேய்ந்துவிட்டன. மூட்டிலுள்ள சிறு முலை வழியே கிரீசைப் பழைய அழுக்குக் கிரீஸ் வெளிவரும் வரை செலுத்த வேண்டும். கிரீஸ் உராய்வைக் குறைக்கிறது. அத்துடன் மணலையும் நீரையும் வெளியே தள்ளிக் காவலும் காக்கிறது.

பட்டை வில்லில் ஏதேனும் பட்டை முறிந்துள்ளதா, அதனை அச்சோடு கட்டும் போல்ட்டுகள் தளர்ந்துள்ளனவா என்றும் பாருங்கள். முறிந்த இடத்தில் செந்துரு கோடுபோல் தெரியும்.

பாட்டரியின் முனைகளில் வெண்பச்சைப் பூ பூத்திருந்தால் அது அமிலம் உலோகத்தோடு வினைபுரிந்த அடையாளம். சமையல் சோடாக் கரைசலை ஊற்றுங்கள். நுரைத்து அமிலம் நடுநிலையாகும். கரைசல் பாட்டரிக்குள் புகாதபடி மூடிகள் இறுகியிருக்கட்டும். முனைகளைக் கழற்றும்போது வண்டியின் சட்டத்தோடு இணைந்த முனையை முதலில் கழற்ற வேண்டும். அப்போதுதான் ஸ்பானர் தவறிச் சட்டத்தில் பட்டாலும் மின்பொறி எழாது. பாட்டரியிலிருந்து எரியக்கூடிய ஹைட்ரஜன் வெளிப்படும். ஆகவே அருகில் நெருப்பு ஆகாது.

அடியில் படுக்குமுன்

வண்டி வேலையில் ஏற்படும் பெரும் விபத்துகள் அவசரத்தால் வருபவை. கீழ்க்கண்டவற்றை மறவாதீர்கள்.

1. ஜாக்கி தூக்குவதற்கு, தாங்குவதற்கன்று. ஜாக்கியால் தூக்கிய வண்டியின் சட்டத்துக்கு அடியில் உறுதியான தாங்கிகளை வைக்காமல் யாரும் உள்ளே நுழையக் கூடாது. அடுக்கிய செங்கல் தாங்கி ஆகாது.

2. சிஜே-3பி போன்ற பழைய ஜீப்புகளில் கைப்பிரேக் சக்கரங்களில் இல்லை. பகிர்வுப் பெட்டிக்குப் பின்னால், தண்டின்மேல் உள்ளது. ஒரு பின்சக்கரத்தைத் தூக்கிவிட்டால், தண்டு அசையாமல் இருந்தாலும் வேறுபாட்டுப் பல்லிணை காரணமாகத் தூக்கிய சக்கரம் ஒரு பக்கமும் தரையிலுள்ள சக்கரம் மறுபக்கமும் சுழல முடியும். கைப்பிரேக் போட்ட வண்டி உருண்டுவிடும்! எனவே சமதரையில் நிறுத்தி, தரையிலுள்ள சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை கொடுக்க வேண்டும்.

3. பழைய பிரேக் லைனிங்குகளில் கல்நார் கலந்திருக்கலாம். அதன் தூசி நுரையீரலுக்குக் கொடியது, புற்றுநோயையும் உண்டாக்கும். டிரம்மைத் திறந்து வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதக் கூடாது. நீரால் நனைத்து, ஈரத்துணியால் துடைத்து, அத்துணியைப் பையில் கட்டி அகற்ற வேண்டும்.

4. சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். அழுத்த மூடியுள்ள ரேடியேட்டரும் குக்கரைப் போன்றதே. அழுத்தத்தால் உள்ளே நீர் 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்ததும் அழுத்தம் குறைந்து சட்டெனக் கொதித்து முகத்தில் பாயும்.

5. மாணவர்கள் பார்க்கலாம், அளக்கலாம், குறிக்கலாம், சுத்தம் செய்யலாம். பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் கழற்றி மாட்டுவது தேர்ந்தவர் மேற்பார்வையில் மட்டுமே நடக்க வேண்டும்.

மாமாவின் குறிப்பேடு

அன்று மாலை நாங்கள் முதல் கியரில், ஒவ்வொரு வளைவிலும் நின்று நின்று போடிக்கு வந்து சேர்ந்தோம். மறுநாள் மாமா என்னை அருகில் வைத்துக்கொண்டு பிரேக் எண்ணெய் முழுவதையும் வடித்தார். கண்ணாடித் தம்ளரில் பிடித்தபோது அது கலங்கித் தேநீர் நிறத்தில் இருந்தது. புதிய எண்ணெயை ஊற்றி, குழாய்களிலிருந்த காற்றை ஒவ்வொரு சக்கரமாக வெளியேற்றினார். பெடலை மிதித்துப் பிடிப்பது என் வேலை.

பிறகு எனது பள்ளி நோட்டுப் புத்தகம் ஒன்றை வாங்கி, முதல் பக்கத்தில் அன்றைய தேதியையும் ‘பிரேக் எண்ணெய் மாற்றியது’ என்பதையும் எழுதினார். “லைனிங் தேஞ்சா கண்ணுக்குத் தெரியுதுடா. இது தேஞ்சது தெரியலையே. தெரியாததைத்தான் எழுதி வைக்கணும்” என்றார். அதன்பின் அந்த நோட்டு எப்போதும் வண்டியிலேயே இருந்தது. எண்ணெய் மாற்றிய நாள், கிரீஸ் அடித்த நாள், டயர்களை இடம் மாற்றிய நாள், ஓடிய தூரம் எல்லாம் அதில் ஏறின.

உங்கள் வீட்டில் ஜீப் இல்லாமலிருக்கலாம். மிதிவண்டி இருக்குமே! அதன் பிரேக் ரப்பர் தேய்ந்து சக்கர விளிம்பைக் காக்கிறது. சங்கிலிக்கு எண்ணெய் வேண்டும். நாளையே ஒரு குறிப்பேட்டைத் தொடங்குங்கள். தேய்வதற்கென்றே பிறந்த உறுப்புகள் அதில் எவை, ஒவ்வொன்றும் எதனைக் காக்கிறது என்று முதலில் எழுதுங்கள். மாற்ற வேண்டிய நாளை அடுத்து எழுதுங்கள்.

சிந்தித்து விடை காண்க

1. மலையேறும் ஜீப்பைவிட மலையிறங்கும் ஜீப்பில் பிரேக் மிகுதியாகச் சூடேறுவது ஏன்?

2. பின் அச்சின் நடுப்புள்ளி 10 மீட்டர் ஆரத்தில் திரும்பினால், ஒரு முழு வட்டத்தில் முன், பின் அச்சுகள் செல்லும் தூரங்களின் வேறுபாடு கூடுமா, குறையுமா? கணக்கிட்டுக் காட்டுக.

3. கைப்பிரேக் போட்டு ஒரு பின்சக்கரத்தைத் தூக்கிய ஜீப்பில், நான்கு சக்கர இயக்கத்தையும் இணைத்து வைத்தால் வண்டி உருளுவது ஏன் தடைபடுகிறது?

4. உங்கள் மிதிவண்டியில் ‘சாக்கட்டி’யாக இருப்பவை எவை? ‘கரும்பலகை’யாக இருப்பவை எவை?